பாடவேளைக்கு நடுவில் ஒரு நாவல்

"வாத்தியாருக்கு என்னங்க, நாலு மணிக்கு மணியடிச்சா வீடு. வருஷத்துல பாதி நாள் லீவு. நாவல் எழுத இதைவிடத் தோதான வேலை உண்டா?" என்று கேட்பவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ஒரு கணக்கு மட்டும் போட்டுக் காட்டலாம். நான்கு பிரிவு, பிரிவுக்கு 40 பிள்ளைகள். காலாண்டுத் தேர்வு முடிந்தால் 160 விடைத்தாள். தமிழ்த் தாள் ஒன்றைக் கட்டுரைப் பகுதி வரை ஒழுங்காகப் படித்துத் திருத்த 6 நிமிடம் என்று வைத்தால் 960 நிமிடம். அதாவது 16 மணி நேரம். பிறகு கூட்டல் சரிபார்க்க வேண்டும், பதிவேட்டில் ஏற்ற வேண்டும், எமிஸில், அதாவது கல்வித் துறையின் இணையதளத்தில், ஏற்ற வேண்டும். சர்வர் படுத்துக்கொண்டால் இரவு பதினொன்றுக்கு எழுந்து மறுபடி ஏற்ற வேண்டும்.

ஆனாலும் இந்த வேலையில் இருந்துகொண்டு எழுதியவர்கள் நம் மொழியில் குறைவில்லை. இமையம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பெருமாள்முருகன் அரசுக் கல்லூரிகளில் தமிழ் நடத்தியவர். ஆக, முடியுமா என்பதில் சந்தேகம் வேண்டாம். எப்படி என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆசிரியருக்கு நேரமே இல்லை என்பது பாதி உண்மை. நேரம் இருக்கிறது, மணியடித்து மணியடித்துத் துண்டாக்கிய நேரமாக இருக்கிறது. ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு தரம். காலை 5 மணியின் நாற்பது நிமிடமும் மூன்றாம் பாடவேளையின் நாற்பது நிமிடமும் கடிகாரத்தில் ஒன்றுதான், எழுத்துக்கு ஒன்று கிடையாது. இதைக் கவனிக்காமல் கிடைத்த இடத்திலெல்லாம் நாவலைத் திணிக்கப் பார்ப்பதால்தான் பாதிப் பேர் மூன்றாவது அத்தியாயத்தில் நின்றுபோகிறார்கள்.

நாவல் வேலை என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதற்குள் குறைந்தது நான்கு வேலை இருக்கிறது. புதிதாகக் காட்சி எழுதுவது ஒன்று. எழுதியதைச் செப்பனிடுவது இன்னொன்று. விசாரித்துத் தகவல் சேர்ப்பது மூன்றாவது. நான்காவது குமாஸ்தா வேலை: கையெழுத்தைத் தட்டச்சு செய்வது, கோப்புக்குப் பெயர் வைப்பது, யாருக்கு எத்தனை வயது என்று பட்டியல் போடுவது. இந்த நான்கில் முதலாவதற்கு மட்டும்தான் களைக்காத மூளை வேண்டும். மற்ற மூன்றையும் களைத்த பிறகும் செய்யலாம். செப்பனிடுவதற்கு மட்டும் ஒரு நிபந்தனை உண்டு, பிறகு வருகிறேன்.

மாலை நாலரைக்கு மேல் ஆசிரியரின் மூளையில் மிச்சம் இருப்பது தீர்ப்புச் சொல்லும் புத்தி. காலையிலிருந்து சரி, தவறு, சரி, தவறு என்றே ஓடியிருக்கிறது. அந்தப் புத்தியோடு புதிய பக்கத்தைத் திறந்தால் முதல் வாக்கியம் முடிவதற்குள் அடித்துவிடத் தோன்றும். அடித்துவிடுவோம். ஒரு மணி நேரம் உட்கார்ந்து நான்கு வரி. "எனக்கு எழுத வரவில்லை" என்ற முடிவுக்கு வருவதும் அந்த நேரத்தில்தான். எழுத வராமல் இல்லை, வேளை தப்பு. மாலையில் தட்டச்சு செய்யுங்கள், பட்டியல் போடுங்கள், யாருக்காவது போன் போட்டுத் தகவல் கேளுங்கள். புதிய காட்சி எழுதாதீர்கள்.

அப்படியானால் எப்போது? விடியற்காலை என்று சொல்லிவிடுவது எளிது. நான்கு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டிய வீட்டில் காலை 5 மணி எழுத்தாளருக்குச் சொந்தமான நேரம் கிடையாது, குக்கருக்குச் சொந்தமான நேரம். எழுதும் ஆசிரியைகளிடம் போய் "நாலு மணிக்கு எழுந்திருங்க" என்று அறிவுரை சொல்கிறவர் தன் வீட்டில் யார் காபி போடுகிறார்கள் என்று ஒருமுறை யோசித்துக்கொள்ளலாம். சமையல் பொறுப்பு இல்லாதவருக்கு 4.45 முதல் 5.30 வரை நல்ல நேரம். பொறுப்பு இருப்பவருக்கு இரண்டு மாற்று வழி. ஒன்று, கடைசி மணி அடித்த பிறகு வீட்டுக்கு வராமல் பள்ளியிலேயே காலியான வகுப்பில் அரை மணி உட்காருவது. மூளை களைத்திருக்கும்தான். ஆனால் வீட்டில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கும்: "அம்மா" என்று கூப்பிட ஆள் இருக்காது. முதல் பத்து நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு ஆரம்பித்தால் தீர்ப்புப் புத்தி கொஞ்சம் அடங்கும். பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ எடுப்பவருக்குக் காலாண்டுக்குப் பிறகு ஸ்பெஷல் கிளாஸ் இந்த அரை மணியைத் தின்றுவிடும். அப்போது இரண்டாவது வழி: சனி, ஞாயிறு இரண்டில் ஏதாவது ஒரு நாள் காலை இரண்டு மணி நேரம், அடுப்படியை வீட்டில் வேறொருவர் ஏற்பது. "முடிஞ்சா பாத்துக்கோங்க" என்று விட்டால் நடக்காது. எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, யார் தோசை வார்ப்பது என்பது வரை பேசி முடிக்க வேண்டும்.

ஓய்வுப் பாடவேளையில் எழுதலாமே என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டாம். முதல் காரணம், அது அரசு சம்பளம் கொடுக்கும் நேரம். பள்ளிக் கணினியில், பள்ளித் தாளில், பள்ளி நேரத்தில் நாவல் எழுதியதாக ஒரு புகார் போனால் பதில் சொல்ல இடமிருக்காது. இரண்டாவது, அது உத்தரவாதமில்லாத நேரம். யாராவது ஒருவர் விடுப்பு எடுத்தால் அந்த வேளை சப்ஸ்டிட்யூஷனுக்குப் போய்விடும். காட்சி நடுவில் நிற்கும்போது "சார், 7பி-க்கு நீங்க போங்க" என்று வந்தால் அன்று முழுக்க எரிச்சல்தான். ஓய்வுப் பாடவேளையில் நாவல் எழுதுவதைவிட, நாவலுக்கான இரவை அங்கே சம்பாதிப்பது புத்திசாலித்தனம். வீட்டுக்கு ஒரு நோட்டுகூட எடுத்துப்போகாமல் அங்கேயே திருத்தி முடிப்பது.

இதில் பெரும்பாலோர் செய்யும் தவறு, நான்கு பிரிவுக்கும் ஒரே நாளில் கட்டுரை நோட்டு வாங்குவது. மேசையில் 160 நோட்டு குவிந்தால் பார்க்கும்போதே சோர்வு வரும், வாரம் முழுக்க அது அப்படியே இருக்கும், கடைசியில் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரும். திங்கள் ஒரு பிரிவு, செவ்வாய் ஒரு பிரிவு என்று பிரித்து வாங்கினால் நாளுக்கு 40 நோட்டு. ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம், மொத்தம் 60 நிமிடம். ஒரு ஓய்வு வேளையும் மதிய இடைவேளையில் கொஞ்சமும் போதும். வெள்ளிக்கிழமை பாக்கி விழுந்ததை முடிக்க. பிழையை நாமே திருத்தி எழுதிக் கொடுப்பதை நிறுத்தினாலே பாதி நேரம் மிச்சம். ஓரத்தில் ஒற்றுப் பிழைக்கு 'ஒ', ஒருமை பன்மை மயங்கினால் 'மை', ர-ற குழப்பத்துக்கு 'ர' என்று குறி மட்டும் போட்டுவிட்டு, பிள்ளைகளே தேடித் திருத்தட்டும் என்று விட்டால் அவர்களுக்கும் நல்லது. நாம் எழுதிக் கொடுத்த திருத்தத்தை அவர்கள் எங்கே படிக்கிறார்கள்? மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

இனி ஆண்டுக் கணக்கு. டெமி அளவுப் புத்தகத்தில், அதாவது நாவல்கள் வழக்கமாக அச்சாகும் அளவில், பக்கத்துக்கு ஏறத்தாழ 200 சொல். 250 பக்க நாவல் என்றால் 50,000 சொல். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி ட்ரொலோப், அஞ்சல் துறையில் முழுநேர வேலை பார்த்தபடியே, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் என்று எழுதியவர். அவர் கணக்கைப் பார்த்து மலைக்க வேண்டாம். கால் மணியில் அவர் எழுதியதை நாம் நாற்பது நிமிடத்தில் எழுதினால் போதும். வார நாட்கள் ஐந்தில் இரண்டு எப்படியும் போய்விடும் என்று முதலிலேயே தள்ளுபடி செய்துவிடுங்கள். மிச்சம் மூன்று நாளுக்கு 250 வீதம் 750. வாரக் கடைசியில் ஒரு நாள் 1,000. வாரத்துக்கு 1,750 சொல்.

இதைப் பள்ளி நாட்காட்டி மேல் வைத்துப் பார்க்கலாம். மே மாதத்தில் திட்டமும் தொடக்க அத்தியாயங்களும்: நாளுக்கு 400 வீதம் 20 நாளில் 8,000. ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வரை ஏறக்குறைய 14 வாரம்: 24,500. அக்டோபர் தொடக்கத்திலிருந்து டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வரை 10 வாரம்: 17,500. கூட்டினால் சரியாக 50,000. முதல் வரைவு முடிந்துவிட்டது. காலாண்டு விடைத்தாள் திருத்தும் வாரங்களை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த வாரங்களில் எழுதத் திட்டமிட்டால் தாளும் தாமதமாகும், நாவலும் நடக்காது, இரண்டுக்கும் சேர்த்துக் குற்றவுணர்ச்சி மட்டும் மிஞ்சும்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாவலைத் தொட வேண்டாம். பொங்கல் முடிந்ததும் திருப்புதல் தேர்வு, பிப்ரவரியில் பன்னிரண்டாம் வகுப்புக்குச் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத் தேர்வு, பிறகு திருத்தும் முகாம். இந்த நான்கு மாதமும் வரைவு ஊறட்டும். ஊறாமல் உடனே திருத்த உட்கார்ந்தால் எழுதியது எதுவும் கண்ணில் படாது, மனதில் இருப்பதைத்தான் தாளில் படிப்போம். அடுத்த மே மாதம் அச்செடுத்து மூன்று நாளில் முழுவதையும் ஒரே மூச்சாகப் படிக்க வேண்டும்.

கோடை விடுமுறையிலேயே நாவல் முழுவதையும் எழுதிவிடலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் அநேகமாகத் தோற்பார்கள். ஏப்ரல் கடைசி வரை முகாம். மே மாதத்தில் முகூர்த்தங்கள், ஊர்த் திருவிழா, வீடு நிறையப் பிள்ளைகள், மாணவர் சேர்க்கை, மின்வெட்டு. இதையெல்லாம் கழித்தால் 20 நாள் தேறினால் அதிகம். அந்த 20 நாளில் நாளுக்கு 2,500 சொல் எழுத, ஆண்டு முழுக்க எழுதாத கை ஒத்துழைக்காது. விடுமுறையின் உண்மையான பயன் நீளமான, வெட்டுப்படாத நேரம். முழு வரைவைப் படிப்பதற்கு அதுதான் வேண்டும், வேறெப்போதும் அது கிடைக்காது.

தேர்தல் ஆண்டானால் இந்தக் கணக்கிலிருந்து ஒரு மாதத்தைக் கழித்துவிடுங்கள். வாக்குச்சாவடி நிலை அலுவலராகப் பெயர் வந்தவர் இரண்டு மாதம் கழிக்கலாம். 2027 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் இரண்டாம் கட்டம் வருகிறது. கணக்கெடுப்பாளர் பட்டியலில் பெயர் இருந்தால் அந்த மாத மாலைகள் உங்களுடையவை கிடையாது. ஆனால் வீடு வீடாகப் போகும் வேலையை வெறும் நஷ்டக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஒரு தெருவின் நூறு வாசற்படியில் நின்று பேசும் வாய்ப்பு நாவலாசிரியருக்கு வேறெப்படிக் கிடைக்கும்? படிவத்தில் உள்ள தகவல் ரகசியம், அதைத் தொடக் கூடாது. வாசல்கள் எப்படி இருக்கின்றன, கதவைத் திறக்கும் கை எப்படித் தயங்குகிறது, இதைப் பார்க்கலாம்.

துண்டு நேரத்தில் எழுதுகிறவருக்கு நேரம் எங்கே விரயமாகிறது என்று பார்த்தால், எழுதும்போது இல்லை. மறுபடி உள்ளே நுழையும்போதுதான். நாற்பது நிமிடத்தில் இருபது நிமிடம் "எங்கே விட்டேன்" என்பதிலேயே போகிறது. இதற்கு மருந்து நம் தொழிலிலேயே இருக்கிறது. நாளை விடுப்பு எடுக்கப் போகிற ஆசிரியர், வகுப்புக்கு வரும் பதில் ஆசிரியருக்கு என்ன எழுதி வைப்பார்? எந்தப் பாடம், எந்தப் பத்தி வரை முடிந்தது, அடுத்து என்ன கேட்க வேண்டும், எந்தப் பையன் கலாட்டா செய்வான். அதே மாதிரி, நாளை வேறொருவர் வந்து இந்த நாவலைத் தொடரப் போகிறார் என்று நினைத்து, ஒவ்வொரு நாளும் கடைசி மூன்று நிமிடத்தில் ஒரு சீட்டு எழுதி வையுங்கள். குமாரபாளையம் விசைத்தறிப் பின்னணியில் ஒரு நாவல் என்று வைத்துக்கொண்டால் சீட்டு இப்படி இருக்கும்:

"அத். 7, காட்சி 3. கூலி போடும் சாயங்காலம். பழனியம்மா ஓனர் வீட்டு வாசலில் நிற்கிறாள். உள்ளே டிவி. கேட்க வந்த முன்பணம் 5,000. வாயைத் திறந்ததும் 3,000 என்றுதான் வரும். முதலில் பேசுவது ஓனர் சம்சாரம். அடுத்த வரி: 'செருப்ப அங்கயே உட்ரு பழனிம்மா, இப்பத்தான் தொடச்சேன்.' தெரியாதது: பாவு தீர்ந்தால் புதுப் பாவு பிணைக்க எவ்வளவு நேரம்? சனிக்கிழமை விசாரி."

இதில் முக்கியமானது அந்த அடுத்த வரி. இன்று எழுதத் தயாராக இருந்தும் எழுதாமல் நாளைக்கு விட்டுவைத்த வரி. நாளை உட்கார்ந்ததும் அதைப் படியெடுத்தால் கை ஓடத் தொடங்கிவிடும். எல்லாவற்றையும் இன்றே எழுதித் தீர்த்துவிட்டு எழுந்தால் நாளை வறண்ட கிணற்றில் வாளி விடுகிற கதைதான். தெரியாததை அங்கேயே தேடப் போகாமல் குறித்து வைப்பதும் அதே அளவு முக்கியம். பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், பிணைக்க எவ்வளவு நேரம் என்று பார்க்க யூடியூபைத் திறந்தால் அன்றைய நாற்பது நிமிடம் முடிந்தது. காட்சியில் ஒரு சதுரம் போட்டுவிட்டு மேலே போங்கள். சதுரங்களையெல்லாம் சேர்த்து ஒரு சனிக்கிழமை மதியம், தறி ஓட்டுகிற யாரிடமாவது கேட்டு நிரப்பலாம்.

மூன்று வாரம் விட்டுப்போனால்? போகும். யாருக்கும் போகும். அப்போது செய்யக் கூடாதது, முதல் பக்கத்திலிருந்து படித்து வருவது. படிக்க ஆரம்பித்தால் திருத்த ஆரம்பிப்போம், முதல் மூன்று அத்தியாயம் பளபளப்பாகிக்கொண்டே போகும், எட்டாவது அத்தியாயம் பிறக்கவே பிறக்காது. கடைசி மூன்று பக்கத்தையும் சீட்டையும் மட்டும் படித்துவிட்டு, கடைசிப் பத்தியைக் கையால் ஒருமுறை படியெடுத்து, அந்த வேகத்திலேயே அடுத்த வரிக்குப் போய்விட வேண்டும்.

காலக்கணக்கு அட்டை ஒன்று கட்டாயம் வேண்டும். ஆசிரியர்களுக்கு இது சுலபம், ஏனென்றால் நாம் நாட்காட்டியில் வாழ்கிறவர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தது ஞாயிற்றுக்கிழமை காலை, அரையாண்டு விடுமுறை நேரம். அன்று பள்ளிக்கூட மணி அடித்ததாக எழுதினால் கடலோரத்து வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார். 2016 நவம்பர் 8 செவ்வாய்க்கிழமை இரவு 8 மணிக்குப் பணமதிப்பிழப்பு அறிவிப்பு. மறுநாள் வங்கிகள் மூடியிருந்தன. உங்கள் பழனியம்மா கதை அந்த வாரத்தில் நடந்தால், ஓனர் கொடுக்கும் கூலி எந்த நோட்டில் இருந்தது என்பதே ஒரு காட்சி ஆகிவிடும். கதை நடக்கும் ஆண்டின் நாட்காட்டியை எடுத்து, ஒவ்வொரு காட்சிக்கும் தேதியும் கிழமையும் போட்டு, கூடவே அன்று ஒவ்வொருவருக்கும் என்ன வயது, அவருக்கு அதுவரை என்ன தெரியும் என்று எழுதுங்கள். கடைசிக் கட்டம்தான் பிழை பிடிக்கும் கட்டம். ஐந்தாவது அத்தியாயத்தில்தான் தெரியவரும் ரகசியத்தை நான்காவதிலேயே ஒருத்தி பேசிக்கொண்டிருப்பாள்.

இப்போது செப்பனிடுவதற்கு வருகிறேன். ஆசிரியர் எழுதிய நாவலைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. பாத்திரங்கள் முழு வாக்கியத்தில் பேசுவார்கள். ஒரு விஷயத்துக்கு மூன்று உதாரணம் வரும். காட்சி முடிந்ததும் அதன் பொருளை விளக்கும் ஒரு பத்தி வரும், "புரிந்ததா?" என்று கேட்காத குறைதான். பின்பெஞ்சுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று எதையும் இரண்டு முறை சொல்லிப் பழகிய வாய் அது. வகுப்பில் அது நல்ல குணம், நாவலில் நோய். ஒரு மாதிரி:

"வறுமை மனிதரை எப்படியெல்லாம் கூனிக்குறுக வைக்கிறது என்பதைப் பழனியம்மாள் அன்றுதான் உணர்ந்தாள். தன் உழைப்புக்கான கூலியைக்கூடச் சரிபார்க்கும் தைரியம் அவளுக்கு இல்லை."

இதை இப்படி மாற்றலாம்:

"ஓனர் எண்ணி மேசைமேல் வைத்தார். பழனியம்மாள் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். தெரு முனை திரும்பி, தறிச் சத்தம் காதை அடைத்த பிறகுதான் அவிழ்த்து எண்ணினாள். இருநூறு குறைந்தது."

முதல் வடிவத்தில் வாசகருக்கு வேலை இல்லை. இரண்டாவதில் அந்த இருநூறுக்காக அவள் திரும்பிப் போவாளா என்று அவர் காத்திருக்கிறார். செப்பனிடும்போது ஒவ்வொரு காட்சியின் கடைசிப் பத்தியையும் கையால் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். மறைத்தாலும் காட்சி நின்றால் அந்தப் பத்தியை எடுத்துவிடலாம். பத்தில் ஏழு நிற்கும் என்பது என் கணிப்பு. இந்த வேலையை விடைத்தாள் திருத்திய நாளில் மட்டும் செய்யாதீர்கள். நிபந்தனை என்று சொன்னது இதைத்தான். அன்று கை எல்லாவற்றையும் அடிக்கும், நல்லதையும் சேர்த்து. சிவப்புப் பேனாவைப் பள்ளியில் வைத்துவிட்டு வீட்டில் பென்சில் பிடிப்பது சின்ன விஷயம்தான், ஆனால் பென்சிலால் அடித்ததை மறுநாள் காலை மீட்க முடியும்.

கணக்கு ஆசிரியருக்கு இந்தத் தொல்லை குறைவு. நாள் முழுக்க எண்ணோடு இருந்துவிட்டு வாக்கியத்துக்கு வரும்போது அவருக்கு அது ஓய்வு. தமிழாசிரியருக்கோ வேலையும் வாக்கியம், ஓய்வும் வாக்கியம். போதாக்குறைக்கு ஒற்று மிகுமா மிகாதா என்ற கவலை வேறு. முதல் வரைவில் ஒற்றைப் பற்றி யோசிக்கவே கூடாது. பேச்சு வழக்கில் எழுதும் உரையாடலில் இலக்கணம் தேடவும் கூடாது. "போச்சாதுங்க" என்று சொல்கிறவரை "பரவாயில்லை" என்று சொல்ல வைத்தால் அவர் செத்துப்போவார்.

மாணவர்களை எழுதுவது பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வகுப்பறை கதைச் சுரங்கம்தான். ஆனால் அங்கே கிடைப்பது நம்பிச் சொன்ன விஷயம். பெயரை மட்டும் மாற்றினால் மறைத்ததாகாது. ஊரும் அப்பாவின் தொழிலும் அந்த வருஷமும் அப்படியே இருந்தால் ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பெயரை விட்டுவிடுங்கள், நடந்ததை மாற்றுங்கள். அண்ணனைத் தங்கையாக்கி, சம்பவத்தை வேறு பருவத்துக்கும் வேறு வேலைக்கும் கொண்டுபோய், இரண்டு மூன்று பிள்ளைகளின் குணத்தை ஒருவரில் சேர்த்தால்தான் அது பாத்திரம். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளம் தெரியும்படி வெளியிடுவதை போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுக்கிறது. பெயர், முகவரி மட்டுமல்ல, குடும்பம், பள்ளி, சுற்றுப்புறம் ஆகிய விவரங்களும் அதில் அடங்கும். பாத்திரங்களுக்குப் பெயர் வைக்கும்போதும் ஒரு சோதனை செய்யுங்கள். வருகைப் பதிவேட்டைத் தினமும் வாசித்து வாசித்து, கேட்காமலே அந்தப் பெயர்கள் நாவலுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். கடைசி மூன்று ஆண்டுப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, இருப்பவற்றை மாற்றிவிடுவது நல்லது. வெளியிடும் முன் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973-ஐ ஒருமுறை படித்துவிட்டு, தலைமையாசிரியர் வழியாக எழுத்தில் தெரிவித்து, ஒப்புதல் நகலை வைத்துக்கொள்ளுங்கள். "எழுதுங்க சார், பெருமைதான்" என்று வாயால் சொன்னது நாளைக்குக் காகிதமாக வராது.

கருவி விஷயத்தில் சுருக்கமாக: கையால் எழுதுவது வேகமாக வந்தால் கையாலேயே எழுதுங்கள், தட்டச்சு மாலை வேலை ஆகட்டும். தமிழ்99 விசைப்பலகையைப் பழக இரண்டு வாரம் எரிச்சலாக இருக்கும், பிறகு ஒலிபெயர்ப்பு முறையைவிடத் தட்டல்கள் குறையும். கணினியில் என்எச்எம் ரைட்டர், போனில் செல்லினம், இரண்டிலும் அது உண்டு. பேசித் தட்டச்சு செய்யும் வசதி பொதுத் தமிழை ஓரளவு பிடிக்கிறது, வட்டார வழக்கைக் கொத்துக்கறி போடுகிறது, நிறுத்தக்குறியை நாமே போட வேண்டும். தவிர, ஆறு பாடவேளை கத்திவிட்டு வந்த தொண்டைக்கு மாலையில் அது ஆகாது. போனில் எழுதுகிறவர் சிம் இல்லாத பழைய போன் ஒன்றை அதற்கென்றே ஒதுக்கலாம். சிம் உள்ள போனில் எழுதினால் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் "அனைத்து ஆசிரியர்களின் கனிவான கவனத்திற்கு" என்று ஏதாவது வந்துகொண்டேயிருக்கும். கோப்பை வாரம் ஒருமுறை தேதியைப் பெயராக வைத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

அப்புறம் ஒரு விசேஷமான ஆபத்து உண்டு. நீங்கள் எழுதுகிறவர் என்று பள்ளியில் தெரிந்துவிட்டால், ஆண்டு விழா நாடகம், சுதந்திர தின உரை, ஓய்வு பெறுபவருக்கு வாழ்த்து மடல், தலைமையாசிரியரின் மகள் கல்யாணத்துக்கு வாழ்த்துக் கவிதை என்று எல்லாம் உங்கள் மேசைக்கு வரும். "நீங்கதான் எழுதுவீங்களே, அஞ்சு நிமிஷம்." அந்த அஞ்சு நிமிஷம் இரண்டு விடியற்காலையைத் தின்னும். மறுத்தால் மனஸ்தாபம். வாழ்த்து மடலுக்கு ஒரு பொது வடிவம் தயாராக வைத்துக்கொண்டு, பெயரையும் பணியாற்றிய ஊர்களையும் மாற்றிக் கொடுத்துவிடுவதுதான் விவேகம். அதில் இலக்கியம் காட்ட வேண்டாம்.

இரண்டாவது மே மாதம் படித்து முடித்து, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலை வேளைகளில் செப்பனிட்டால், செப்டம்பரில் கையெழுத்துப் பிரதி பதிப்பகத்துக்குப் போகலாம். ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் புத்தகம் வர வேண்டுமானால் அதற்கு மேல் தாமதிப்பது நல்லதில்லை. யூனிகோடில் கொடுத்த கோப்பைப் பதிப்பகம் வேறு எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், ஸ்ரீ சிதையும், 'ஔ' என்பது 'ஒ', 'ள' என்று இரண்டாகப் பிரிந்துவிடும். மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்க்க வரும் படி, பார்க்கும்போது கதையைப் படிக்காமல் முதல் சுற்றில் இவற்றை மட்டும் தேடுங்கள். ஒற்று இரண்டாவது சுற்றில்.

மெய்ப்பு வந்து சேரும் காலம்தான் கொடுமை. பெரும்பாலும் டிசம்பர் இரண்டாம் வாரம், அரையாண்டு விடைத்தாள் கட்டும் அதே நாளில் வரும். 250 பக்கம், நாளுக்கு 25 பக்கம் வீதம் பத்து நாள், சுற்றுக்கு. இரண்டு சுற்றுக்கு இருபது நாள். பிரதியைக் கொடுக்கும்போதே, நவம்பர் 15க்குள் மெய்ப்பு அனுப்பிவிடும்படி பதிப்பாளரிடம் கேட்டுவிடுங்கள். அவர் சரி என்பார். டிசம்பரில்தான் அனுப்புவார். ஆகவே அரையாண்டு விடுமுறையில் ஊருக்குப் போவதற்கு டிக்கெட் போடாதீர்கள். முதலில் விடைத்தாள் கட்டை முடித்துவிட்டு, ஒரு இரவு தூங்கி எழுந்து, பிறகு மெய்ப்பை எடுங்கள். வரிசை மாறினால் பழனியம்மாவுக்கு மதிப்பெண் போட்டுவிடுவோம்.